நாத்தனார் மகன் கொடுத்த டிஸ்க்

அவிநாசியில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்தவள் நான்தான். ஆனாலும் தட்டு மாற்றும்போது பின்வரிசையில்தான் இருந்தேன். புருஷன் இல்லாதவளுக்கு அங்கேதான் இடம். அது எனக்குப் பழகிப்போனது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து என்னை முன்னால் கூப்பிட்டு, தன் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். அந்த மரியாதை எனக்குப் போதும்.

இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அவர் சொன்னார், "அம்மா, சின்னவன் சாதகத்தையும் உங்ககிட்டக் குடுத்துப்போடறேன். கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுக்கோங்க."

எதிர்வரிசையில் என் நாத்தனார் மகன் உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரருடைய தங்கச்சி மகன். அவன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், "அத்தைகிட்டக் குடுத்துப் பிரயோசனம் இல்லீங்க. மிஷின்லயும் இடமில்லை, மண்டையிலயும் இடமில்லை. நம்ம ஆபீசுக்கு அனுப்பிப்போடுங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. ரசம் ஊற்ற வந்த ஆள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் யாரெல்லாம் சிரித்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு குனிந்து, பாயசம் வரைக்கும் ஒன்று விடாமல் சாப்பிட்டேன். பாதியில் எழுந்து போகிற ஆள் நான் இல்லை.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவன் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். "வாங்க அத்தை, ஊட்ல எறக்கி உட்டுட்டுப் போறேன்."

"வேண்டாமுங்க. நான் பஸ்சுல போய்க்கறனுங்க. நீங்க பொறப்படுங்க" என்றேன்.

சாவி ஆடுவது நின்றது. அதுவரைக்கும் அவன் எனக்குக் கண்ணு. வாடா, போடா, தின்னுடா. கோயமுத்தூரில் காலேஜ் படித்த காலமெல்லாம் என் வீட்டில்தான் இருந்தான். அவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் நான். வெளியூர்க்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு, இந்த ஊர் ஆட்களுக்கு எவ்வளவு மரியாதை என்று மெச்சுவார்கள். அவர்களுக்குத் தெரியாது. சொந்தக்காரனை வாடா என்று கூப்பிட்ட வாயால் வாங்க என்று கூப்பிட்டால், கதவைச் சாத்திவிட்டோம் என்று அர்த்தம். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். இந்த ஊர்ப் பையன்தானே.

இனி என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரன் பார்த்துச் சொல்வது என் தொழில். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கையெழுத்துப் போடுவதற்குள் பேனாவின் மை காய்ந்துபோகும். ஆனால் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னால், அவர்கள் எந்தக் கூட்டம், குலதெய்வம் எந்த ஊரில், யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி; பங்காளிக்குள் பெண் எடுக்கக் கூடாது, அதனால் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். என் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு, வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து, இப்படியே காலம் ஓடியது.

நாத்தனார் மகன் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர்க் கடை வைத்தான். புது மிஷின்கள் வந்ததும், தனக்கு வேண்டாத பழைய மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னறையில் வைத்தான். ஜாதகம் ஏற்றுகிற புரோகிராமும் போட்டுக்கொடுத்தான். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். டைப் அடிக்கப் பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும், கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனவள், வாய் கொஞ்சம் நீளம். ஜாதகத்தோடு போட்டோவையும் உள்ளே ஏற்றினால் சனம் வரும் என்று யோசனை சொன்னவள் அவள்தான். வந்தது. மாப்பிள்ளைப் பையன்கள் எல்லோரும் ஒரே ஸ்டூடியோவில் ஒரே சிவப்பு மோட்டார் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்ற போட்டோக்கள். பெண்வீட்டார், "இந்தப் பையனுக்குமா பைக் இருக்குது?" என்று கேட்பார்கள். "எல்லாருக்கும் அதே பைக்குதானுங்க" என்று டைப் அடிக்கிறவள் போட்டு உடைத்துவிடுவாள்.

போட்டோக்கள் ஏற ஏற, மிஷினுக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. ஹார்டு டிஸ்க் என்பது மிஷினின் குதிர். ஏற்றியதெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அதன் அளவு அவனுக்குத் தெரியும், என்றைக்கு நிறையும் என்றும் தெரியும். அந்தச் சமயமாகப் பார்த்து அவன் தன் கடை மாடியில் ஒரு கல்யாணத் தகவல் ஆபீஸ் திறந்தான். "இடந் தீந்ததும் அத்தை தானா வருவாங்க. அவுங்க ஜாதகத்தையெல்லாம் நம்ம மிஷினுக்கு மாத்திக்கலாம்" என்று கடை ஆளிடம் சொன்னானாம். அதை டைப் அடிக்கிறவள் காதில் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. அவிநாசிப் பந்தியில் நம்பினேன்.

என் புருஷன் போன பிறகு, நான் வெயிலில் நடந்து, ஊர் ஊராகத் தண்ணீர் வாங்கிக் குடித்துச் சேர்த்த குடும்பங்கள் அவை. அவற்றை அவன் வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, ஒரு மூலையில் நான் உட்கார வேண்டும். அதுதான் அவன் கணக்கு. அவன் வாசலை மிதிப்பதில்லை என்று அவிநாசி பஸ்சில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் டைப் அடிக்கிறவளிடம் கேட்டேன், "ஏன் அம்மணி, இந்த மிஷின்ல இடம் பத்தலீன்னா புது மிஷின்தான் வாங்கோணுமா?"

"இல்லீங்கம்மா. இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி இதுக்குள்ளயே மாட்டிக்கலாமுங்க. உள்ளே ஒரு வயர்ல ரெண்டு டிஸ்க் மாட்ட எடம் இருக்குது. உங்க நாத்தனார் பையன் கடையில கேட்டா அஞ்சு நிமிசத்துல..."

"அவர் பேரை இந்த ஊட்ல எடுத்தீன்னா காப்பி கிடையாது."

"அவரா? எப்ப இருந்துங்க அவரு?" என்றாள். அவளும் இந்த ஊர்க்காரிதான், புரிந்துகொண்டாள்.

காந்திபுரத்தில் டவுன் பஸ்சை விட்டு இறங்கியதும் அவன் கடையின் போர்டுதான் முதலில் தெரிந்தது. அதன் எதிரிலேயே நடந்து, நாலு கடை தள்ளி இன்னொரு கடைக்குப் போனோம். அவன் பார்த்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது.

கடைக்காரர் எங்கள் மிஷினின் வயதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பப் பழசுங்களே. பெரிய டிஸ்கா போட்டா அதுக்குத் தெரியாதுங்க. அளவான டிஸ்காத்தான் போடோணும். பொருத்தம் பாக்காம வாங்கிட்டுப் போய்ட்டு, அப்பறம் என்கிட்டச் சண்டைக்கு வரக் கூடாது."

"பொருத்தம் பாக்கறதுதானுங்க என்ர தொழிலு" என்றேன். "நீங்க எடுத்து வெய்யுங்க."

அவர் ஒரு டிஸ்கை எடுத்து வைத்தார். செங்கல்லைப் பாதியாக உடைத்த மாதிரி, கையில் கனமாக இருந்தது. டைப் அடிக்கிறவளுக்கு அவர் ஏதேதோ சொல்லிக்கொடுத்தார், அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் காசில் வாங்கியது. ஒருத்தர் கொடுத்துப் பெற்றதல்ல.

முன்னறைக் கதவைச் சாத்தி, இன்றைக்கு வரன் பார்ப்பதில்லை என்று வாசலில் சொல்லிவிட்டு, மிஷினின் மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒரே தூசி. ஒரு பல்லி முட்டைகூட இருந்தது. அவன் வைத்த பழைய டிஸ்க் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து நாடா மாதிரி ஒரு அகல வயர் போனது. அந்த வயரின் நடுவில் இன்னொரு டிஸ்க் மாட்டும் இடம் காலியாக இருந்தது.

புது டிஸ்கின் பின்பக்கத்தில், துவரம்பருப்பைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு மூடி, இரண்டு ஊசிகள் மேல் செருகியிருந்தது. அதை அவள் நகத்தால் பிடுங்கினாள்.

"இதென்ன பண்ற?"

"ஒரே வயர்ல ரெண்டு பேரு இருக்கறதால, யாரு பெரியவுங்க யாரு சின்னவுங்கன்னு மிஷினுக்குச் சொல்லோணுமுங்க. பழசு மாஸ்டர். புதுசு ஸ்லேவ். இந்த மூடியை மாத்திக் குத்தினா ஸ்லேவ் ஆயிருமுங்க."

"ஸ்லேவ்னா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அடிமைன்னு அர்த்தமுங்க."

நான் அவள் கையைப் பிடித்தேன். "எது அடிமை? நான் வாங்கினதா?"

"சும்மா பேருதானுங்கம்மா."

"பேருதான் அம்மணி எல்லாம். அவரு வெச்சது முதலாளி, நான் வாங்கினது அதுக்கு அடிமையா? இதுக்கு நான் அவிநாசியிலயே அவரு கார்ல ஏறியிருப்பேனே. ரெண்டையும் மாஸ்டர்னு வையி."

"ரெண்டையும் வெச்சா ஏத்துக்காதுன்னு கடைக்காரர் சொன்னாருங்க."

"வெச்சுப் பாரு."

வைத்தாள். பட்டனை அழுத்தினாள். டிஸ்குகள் இரண்டும் உறுமின, திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்ப அணைத்துப் போட்டாள். மறுபடியும் கறுப்புத் திரைதான், மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? ஒரே ஊட்ல ரெண்டு பங்காளியை உக்கார வெச்ச மாதிரி ஆயிப்போச்சு" என்றாள்.

அப்போது நான் பயந்தது உண்மைதான். அந்தப் பழைய டிஸ்கில் என் குடும்பங்கள் எல்லோரும் இருந்தார்கள். அது கெட்டுப்போனால் நான் அவனிடம் போய்த்தான் நிற்க வேண்டும். அவன் சிரிப்பான். ரசம் ஊற்றினவன்கூட மறுபடி சிரிப்பான். கண்ணை மூடினால் பந்தி முழுக்கத் தெரிந்தது.

"பேசாம புதுசை ஸ்லேவ் பண்ணிரலாமுங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன். அந்த இரண்டு டிஸ்குகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "ஒருத்தர் அடிமையாகித்தான் ஆகோணும்னா, பழசு ஆகக் கூடாதா?"

"ஆகலாமுங்க. ஆனா மிஷின் மாஸ்டர்கிட்ட இருந்துதான் எந்திரிக்கும். புதுசுல ஒண்ணுமே இல்லீங்களே, வெறும் ஊடு. மொதல்ல அதுக்குள்ள சிஸ்டத்தை ஏத்தோணும். அப்பறம் ஜாதகம், போட்டோ எல்லாத்தையும் பழசுல இருந்து புதுசுக்குக் குடி மாத்தோணும். பொழுதுக்கும் ஆகுமுங்க."

"ஆகட்டும். அப்பறம் பழசு என்ன ஆகும்?"

"காலியாக் கெடக்குமுங்க."

"கெடக்கட்டும்" என்றேன். அந்த நாளில் முதல் தடவையாக எனக்குப் பசி எடுத்தது. இரண்டு பேருக்கும் தோசை ஊற்றினேன்.

அவள் பழைய டிஸ்கின் மூடியை மாற்றிக் குத்திவிட்டு, கடைக்காரர் கொடுத்த பிளாப்பியைப் போட்டு என்னவோ தட்டினாள். முதலில் மிஷின், சிஸ்டம் இல்லை என்று சொன்னதாம். புது டிஸ்கின் முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் படித்துப் படித்து அடித்தாள். ஒரு தடவை கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். பிறகு குடி மாற்றுவது ஆரம்பித்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் திரையில் மேலே ஏறிப் போனது. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய டிஸ்க் கட கட என்று முனகிக்கொண்டே எடுத்து எடுத்துக் கொடுத்தது. நன்றாகக் கொடு, உனக்கு அதுதான் வேலை என்று மனசுக்குள் சொன்னேன்.

எல்லாம் போய்ச் சேர்ந்ததும், ஒரு பெண்ணின் ஜாதகத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. ஒரு மாப்பிள்ளையைத் திறக்கச் சொன்னேன். சிவப்பு பைக்கோடு வந்து நின்றான். பழைய டிஸ்கில் இருந்ததை அழிக்கச் சொன்னேன்.

"சுத்தமா அழிச்சுப்போட்டா அதுல என்னத்த வெக்கறதுங்க?"

அதற்கும் ஒரு வேலை கொடுத்தேன். வயதைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள், பேசி முடித்த பிறகு வார்த்தை மாறினவர்கள், நான் இனிமேல் தொட மாட்டேன் என்று ஒதுக்கினவர்கள், இவர்களுடைய ஜாதகம் மட்டும் அதில் போய்ச் சேரும். புரோகிராமில் பொருத்தம் தேடச் சொன்னால் முதல் டிஸ்கில் மட்டும்தான் தேடும். இரண்டாவதில் இருக்கிறவன் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

தொழில் பழையபடி ஓடியது. முன்னைவிட நன்றாக ஓடியது என்றே சொல்லலாம். இடம் தாராளமாக இருந்தது. அத்தை எப்போது வருவாள் என்று அவன் காத்திருந்தான், அத்தை போகவில்லை. அவன் ஆபீசுக்கு ஏறின சனத்துக்கு ஒரு கேள்வி இருந்தது. ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறவருக்கு ஏன் இன்னும் ஆகவில்லை? முப்பதைத் தாண்டிவிட்டானே. தன் ஜாதகத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு பெண்வீட்டுக்குப் போக முடியுமா? போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதானாம்: "உங்க அத்தை என்ன சொல்றாங்க? அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும்."

தை பிறந்து, பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், அவன் என் வாசலில் வந்து நின்றான். கையில் மஞ்சள் தடவின ஜாதக நகல்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. உக்காருங்க. காப்பி சாப்படறீங்களா?" என்றேன்.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவன் உட்காராமல், "அத்தை, ஒரு ஜாதகம்..." என்று இழுத்தான்.

"யாருதுங்க?"

"என்ரதுதான் அத்தை."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, வயசாயிருச்சு, காது மந்தம்."

என் காது நன்றாகவே இருக்கிறது, இன்றைக்கும். அவன் சத்தமாகச் சொன்னான். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அந்தப் பெரியவர், "ஏனுங்க தம்பி, நீங்களே ஒரு ஆபீசு வெச்சிருக்கறீங்கன்னாங்க?" என்று கேட்டார். பாவம், தெரியாமல்தான் கேட்டார். நான் கேட்கச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகக் கேட்டிருக்க மாட்டார்.

அவன் காது சிவந்துபோனது. என் பக்கம் குனிந்து, "இடம் இருக்குதுங்களா அத்தை?" என்றான்.

அவிநாசியில் இருந்து நான் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

"இருக்குதுங்க. தாராளமா இருக்குது. நீங்க குடுத்தீங்களே ஒரு டிஸ்க், அது காலியாத்தான் கெடக்குது. அம்மணி, மாப்பிள்ளையோட ஜாதகத்தை அதுல போடு."

டைப் அடிக்கிறவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடித்தாள். அவன் கம்ப்யூட்டர்க்காரன். எந்த டிஸ்க் என்று திரையில் காட்டுகிற எழுத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தை, பழைய டிஸ்கை ஸ்லேவா வெச்சிருக்கறீங்களா?"

"ஆமாங்க. அப்படித்தான் என்னமோ பேரு சொன்னா. அதுக்கு என்னங்க அர்த்தம்? நான் படிக்காதவ, மண்டையில இடமில்லீங்க."

பெஞ்சில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை. அவன் காப்பியைக் குடித்தான், டம்ளரைக் கீழே வைத்தான், போய்விட்டான்.

அதற்குப் பிறகும் சில தடவை வந்தான். ஏதாவது அமைந்ததா என்று கேட்பான். "தேடிக்கிட்டேதான் இருக்கறனுங்க, உங்களுக்கு ஏத்த மாதிரி வரோணுமுல்லங்க" என்பேன். டைப் அடிக்கிறவள் ஒரு நாள், "பாவமுங்கம்மா, மொத டிஸ்குக்கு மாத்திப் போட்டரட்டுங்களா?" என்று கேட்டாள். அவிநாசிப் பந்தியில் சிரித்தவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவன் வந்து அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால் மாற்றலாம் என்று மனசில் இருந்தது. ஆனால் அதை நான் அவளிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. நான் சொல்லி அவன் செய்தால் அதில் என்ன இருக்கிறது?

கடைசியாக வந்தபோது ஆள் யாரும் இல்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். காலேஜ் முடிந்து வந்து அப்படித்தான் உட்காருவான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அத்தை, பொண்ணு பாக்காட்டியும் பரவால்ல. என்னைய வாடா போடான்னு கூப்புடுங்க."

வாடா கண்ணு என்று வாய் வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பந்தியின் சிரிப்பு அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"அதெப்படிங்க? இப்ப நீங்க பெரிய ஆளு" என்றேன்.

அவனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் வேறொரு தரகர் மூலமாகப் பெண் அமைந்தது. பத்திரிகை வைத்தான், போனேன், முன்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்யாணம் முடிந்த பிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் காலில் விழுந்தார்கள்.

"நல்லா இருங்க. ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன், அந்தப் பெண் என்ன செய்தாள்?

அவள் கெட்டிக்காரி. புருஷனைப் பார்த்து, "என்னுங்க, சொந்த அத்தை உங்களை வாங்க போங்கன்னு பேசறாங்க?" என்று கேட்டாள்.

"அத்தைக்கு எப்பவும் மரியாதை சாஸ்தி" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாங்க அம்மணி" என்றேன் நான்.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை டைப் அடிக்கிறவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்து, "அதுதான் கல்யாணமே ஆகிப்போச்சுங்களே. பழைய டிஸ்குல இருக்கற அவரு ஜாதகத்தை அழிச்சுப்போடட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம் அம்மணி" என்றேன். "அவரு அங்கயே இருக்கட்டும். இடந்தான் நெறையக் கெடக்குதே."